கிரேடு போட்ட பழைய பேஸ்பால் கார்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் இருந்துகொண்டு வீரர்களின் படம் அச்சடித்த பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், 1950-களில் டாப்ஸ் நிறுவனம் சூயிங்கத்தோடு விற்ற கார்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பி.எஸ்.ஏ. என்ற கிரேடு நிறுவனம் அதற்குப் பத்துக்கு 8 போட்டிருக்கிறது. விலை கொஞ்சம் கனம்தான். ஓரம் சீவியது, நிறம் பூசியது, சுருக்கம் நீவியது என்று கை வைத்த கார்டுகள் சந்தையில் நிறைய உலாவுவதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. தொழில்முறையாகக் கிரேடு போட்டு, ‘ஸ்லாப்’ எனும் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வந்த கார்டாக இருந்தால் அந்தக் கவலை வேண்டாம் அல்லவா என்று கேட்கிறார்.

கவலை குறையும், ஆனால் போகாது. எவ்வளவு குறையும் என்பது லேபிளில் இருக்கும் எண்ணைப் பொறுத்தது. பலரும் நினைப்பது போல எண் ஏற ஏற நம்பிக்கையும் ஏறும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கார்டுகளில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். 3, 4 போட்ட கார்டில் யாராவது கத்தி வைத்திருப்பார்கள் என்று நான் பெரிதாக யோசிப்பதில்லை. 8, 9 போட்ட கார்டைக் கையில் எடுக்கும்போதுதான் லென்ஸைத் தேடுவேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

முதலில் இந்தக் கிரேடு நிறுவனங்கள் செய்வது என்ன என்று பார்த்துவிடலாம். பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கியது, எஸ்.ஜி.சி. 1998-இல், பெக்கெட் 1999-இல். கார்டை அனுப்பினால் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுப்பார்கள். ஆனால் எண்ணுக்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது அசல் கார்டுதானா? அச்சகத்திலிருந்து வந்த பிறகு இதில் யாராவது கை வைத்திருக்கிறார்களா? கை வைத்திருந்தால் எண் கிடையாது. பி.எஸ்.ஏ. இதற்கெனக் குறியீடுகள் வைத்திருக்கிறது. என்1 என்றால் ஓரம் வெட்டிய தடயம், என்2 சீரமைப்பு, என்3 நிறம் பூசியது, என்5 அட்டையையே இழுத்தோ அழுத்தியோ மாற்றியது, என்6 அளவு குறைவு, என்7 சுத்தம் செய்த தடயம். இப்படிப்பட்ட கார்டு ஸ்லாப் இல்லாமல் திரும்பி வரும், அல்லது ‘அசல், ஆனால் மாற்றப்பட்டது’ என்ற லேபிளோடு எண் இல்லாத ஸ்லாப்பில் வரும்.

இந்த வேலையில் ஒரு பகுதியை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். மறு அச்சையும் போலியையும் பிடிப்பதில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பழைய அச்சு, லென்ஸில் பார்த்தால் நிறப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். எழுத்துகளும் கறுப்புக் கோடுகளும் மட்டும் புள்ளியில்லாமல் முழு மையாக இருக்கும். கார்டைப் படம் எடுத்து மறுபடி அச்சடித்தால் அந்தக் கோடும் புள்ளியாகிவிடும். அப்புறம் காகிதம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்காது என்பதால், புற ஊதா விளக்கின் கீழே மங்கலாகவே கிடக்கும். அதற்குப் பிந்தைய காகிதம் பெரும்பாலும் நீலமாய்ப் பளீரென்று ஒளிரும். 1910-ஆம் ஆண்டுக் கார்டு ஒளிர்ந்தால் சங்கதி முடிந்தது. முரட்டுத்தனமாகச் செய்த நிறப்பூச்சு, பேனாவால் கறுப்பாக்கிய ஓரம், பசை வைத்துக் கட்டிய மூலை இவையும் பெரும்பாலும் சிக்கிவிடும்.

சிக்கல் ஓரம் சீவுவதில்தான். டிரிம் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். ஐம்பது அறுபது ஆண்டுகள் கைமாறிய அட்டையில் முதலில் தேய்வது மூலை. தேய்ந்த மூலையைக் கூர்மையாக்க எளிய வழி, ஓரத்தில் ஓர் இழை வெட்டி எடுத்துவிடுவது. ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் போனால்கூடப் போதும், 5 கிரேடு மூலை 8 கிரேடு மூலை மாதிரி நிற்கும். கூடவே இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பக்கம் வெள்ளை விளிம்பு அகலமாக இருந்து, அந்த அகலமான பக்கத்தில் வெட்டினால் படம் நடுவுக்கு வந்த மாதிரியும் ஆகிவிடும். ஒரே வெட்டில் இரண்டு குறை காணாமல் போகும்.

அளந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். டி206 என்ற புகழ்பெற்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பெட்டிகளில் போட்டுக் கொடுத்த கார்டுகள் அவை. அளவு சுமார் 36.5 மில்லிமீட்டருக்கு 66.7 மில்லிமீட்டர். ‘சுமார்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய தாள்களை அடுக்கி வைத்து வெட்டினார்கள். அடுக்கு லேசாக நகர்ந்தாலே ஒரு கார்டு அகலமாகவும் இன்னொன்று ஒல்லியாகவும் வரும். அமெரிக்கன் பியூட்டி என்ற சிகரெட்டின் விளம்பரத்தைப் பின்பக்கம் கொண்ட டி206 கார்டுகள் மற்றவற்றைவிட இயல்பாகவே அகலம் குறைந்தவை. அதைத் தெரியாமல் அளந்தால் நல்ல கார்டையே வெட்டியது என்று தள்ளிவிடுவோம். மறுபக்கம், கை வைக்கிறவர்கள் தேடிப் பிடித்து வாங்குவதே வழக்கத்தைவிடப் பெரிதாக வெட்டப்பட்ட கார்டுகளைத்தான். நான்கு பக்கமும் சீவிய பிறகும் அது சரியான அளவில் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பாஸ். ஆகவே அளவு குறைந்தால் சந்தேகப்படலாம், அளவு சரியாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிறகு எதைப் பார்க்கிறார்கள்? ஓரத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி, பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பார்கள். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரே வரிசையின் இரண்டு கார்டுகள், ஒன்று தொடாதது, ஒன்று சீவியது. தொடாததன் ஓரத்தில் அட்டையின் நார் லேசாகப் படிந்து, காலத்தால் பழுத்த ஒரே நிறத்தில் இருக்கும். அச்சகக் கத்தி மேலிருந்து இறங்கியதால் மேல் விளிம்பு துளி உள்வாங்கி, கீழ் விளிம்பில் மயிரிழை போல ஒரு பிசிறு நிற்கும். நான்கு ஓரமும் ஒன்றுபோல மூப்படைந்திருக்கும். சீவிய கார்டில் மூன்று ஓரம் பழுப்பு, ஒன்று மட்டும் வெளிர். அட்டையின் நடு அடுக்கு புதிதாகத் தெரியும். கத்தி மூலையில் ஏறும் இடத்தில் கோடு நேராக இல்லாமல், கொக்கி மாதிரி மெல்ல வெளியே வளையும். வெளிச்சத்தில் சாய்த்தால் வெட்டிய ஓரம் மினுக்கும். இவ்வளவும் இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

ஆனால் தேர்ந்த கை இத்தனையையும் விட்டுவைக்காது. நல்ல எந்திரத்தில் வெட்டினால் கொக்கி விழாது. புது ஓரத்துக்குப் பழுப்பேற்றலாம். நான்கு ஓரத்தையும் சீவிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஓரமே இல்லை. இதையெல்லாம்விட மோசம், அச்சகங்களே ஒழுங்காக வெட்டியதில்லை. 1950-களின் டாப்ஸ் கார்டுகளில் மொண்ணைக் கத்தியால் வெட்டியதும் உண்டு, புதுக் கத்தியால் வெட்டியதும் உண்டு. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனத்து ஹாக்கி கார்டுகளின் ஓரம் பிய்த்தெடுத்தது போலக் கரடுமுரடாக இருப்பதே இயல்பு. அங்கே வழவழப்பான ஓரம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இயல்பு உண்டு. அதை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கே சில கார்டுகளில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புச் சொல்ல முடியாதபோது கிரேடர் என்ன செய்வார்? தடயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் என்1 போட முடியும். தெரியாவிட்டால் சந்தேகத்தின் பலன் கார்டுக்குப் போகும். லேபிளில் வரும் 8 என்ற எண்ணுக்கு ‘இது வெட்டப்படவில்லை’ என்று பொருள் கிடையாது. ‘பார்த்தவர் கண்ணில் வெட்டிய தடயம் படவில்லை’ என்பதுதான் பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கை வைப்பவர்களின் பிழைப்பே ஓடுகிறது.

இதோடு பணக்கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பழைய கார்டுகளில் 4-க்கும் 5-க்கும் விலை வித்தியாசம் சுமார்தான். 7-இலிருந்து 8-க்கும், 8-இலிருந்து 9-க்கும் போகும்போது விலை பல மடங்கு தாவும். 3 கிரேடு கார்டை ராப்பகலாக உட்கார்ந்து 4 ஆக்குவதில் யாருக்கும் ஒன்றும் மிச்சமாகாது. 6 கிரேடு கார்டை 8 ஆக்கினால் அந்த ஒரே கார்டில் பல மாதச் சம்பளம் வரும். ஆகவே கை வைத்த கார்டுகள் எல்லாக் கிரேடுகளிலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. மேலே போய்க் குவிகின்றன.

மேலும் ஒரு கார்டு தோற்றால் கதை அதோடு முடிவதில்லை. என்1 என்று திரும்பி வந்த கார்டை அடுத்த மாதம் மறுபடி அனுப்பலாம். வேறு நிறுவனத்துக்கும் அனுப்பலாம். குறைந்த கிரேடில் வந்தால் ஸ்லாப்பை உடைத்து வெளியே எடுத்து, கொஞ்சம் வேலை பார்த்து, புதுக் கார்டு போல அனுப்பலாம். நல்ல கார்டு முதல் முறையிலேயே தேறிவிடும், மறுபடி அனுப்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை. சந்தேகத்துக்குரிய கார்டுதான் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நிற்கும். கிரேடர் பத்தில் எட்டு முறை பிடித்துவிடுகிறார் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், ஐந்தாறு முறை அனுப்புகிறவனுக்கு ஒரு முறை தப்பினால் போதும். தப்பிய அந்த முறைக்குத்தான் லேபிள் கிடைக்கும். முன்பு நிராகரித்த கதை அந்த லேபிளில் எங்கும் இருக்காது.

இந்தத் தொழிலின் அடித்தளத்திலேயே இப்படி ஒரு கார்டு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. டி206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு அரிதிலும் அரிது. உலகில் இருப்பதே ஐம்பது அறுபது என்பார்கள். அதில் ஒன்றை 1985-இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி நியூயார்க் மாநிலத்தில் 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டு ஆண்டில் 1,10,000 டாலருக்கு விற்றார். 1991-இல் சோத்பிஸ் ஏலத்தில் ஹாக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கியும் அவர் ஆடிய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து அதை 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அப்போதுதான் பிறந்திருந்த பி.எஸ்.ஏ.வுக்கு விளம்பரமாக இதைவிடப் பெரிய கார்டு கிடைக்குமா? அந்த நிறுவனம் கிரேடு போட்ட முதல் கார்டு அதுதான். கிரேடு 8.

எண்பது வயதுக் கார்டு, மற்ற வாக்னர்கள் பெரும்பாலும் 1, 2, 3 என்று தள்ளாடும்போது இது மட்டும் கத்திமுனை மூலைகளோடு எப்படி என்று தொடக்கத்திலிருந்தே முணுமுணுப்பு இருந்தது. அந்தக் கார்டுக்குக் கிரேடு போட்டவர்களில் ஒருவரே, அது வெட்டப்பட்டது என்று தனக்கு அப்போதே தெரியும் எனப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். கார்டு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1996-இல் 6,41,500 டாலர், 2000-இல் 12 லட்சம் டாலருக்கு மேல், 2007-இல் முதலில் 23.5 லட்சம், அதே ஆண்டு 28 லட்சம் டாலர் என்று ஏறிக்கொண்டே போனது. கடைசியாக வாங்கியவர் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக். இதற்கிடையே மாஸ்ட்ரோ பெரிய ஏல நிறுவனம் நடத்தி, ஏலத்தில் பொய்யாக விலை ஏற்றிவிட்ட வழக்கில் சிக்கினார். 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, வாக்னர் கார்டின் பக்கங்களை வெட்டியது தான்தான் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். 2015-இல் 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெட்டியவனே நீதிமன்றத்தில் சொன்ன பிறகும் அந்தக் கார்டு 8 என்ற லேபிளோடுதான் பேசப்படுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 2021-இல் எஸ்.ஜி.சி. 3 கிரேடு வாக்னர் ஒன்று 66 லட்சம் டாலருக்குப் போனது. 2022-இல் எஸ்.ஜி.சி. 2 கிரேடு ஒன்று 72.5 லட்சம் டாலர். மூலை மழுங்கி, கசங்கிப்போன இரண்டு கார்டுகள் அவை. அந்த 8 இப்போது ஏலத்துக்கு வந்தால் அவற்றையும் தாண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது கார்டின் நிலைக்காக இருக்காது, அதன் கதைக்காக இருக்கும்.

வாக்னர் ஒரு தனிக்கதை, தொழிலின் தொடக்க காலம் என்று விட்டுவிடலாம். 2019-இல் நடந்ததை அப்படி விட முடியாது. சேகரிப்பாளர்கள் சிலர் பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அச்சடிக்கும்போது மையில் விழும் சின்னப் புள்ளி, கோடு, வெற்றிடம், அட்டையின் நார் இவை ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு. கைரேகை மாதிரி. வீரரின் தொப்பிக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி, இடது விளிம்பில் ஒரு மைத்துளி, இரண்டும் இரண்டு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் அது ஒரே கார்டுதான். முதல் படத்தில் அது குறைந்த கிரேடில் அகலமான விளிம்போடு இருக்கும். சில மாதம் கழித்து வந்த படத்தில் விளிம்பு ஒடுங்கி, மூலை கூர்ந்து, கிரேடு இரண்டு மூன்று ஏறியிருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான ஜோடிகள் வெளியே வந்தன. பெரிய நிறுவனங்களின் ஸ்லாப்புகளே அவற்றில் இருந்தன. எஃப்.பி.ஐ. விசாரிப்பதாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. லென்ஸும் விளக்கும் வைத்துக்கொண்டு கார்டைக் கையிலேயே பிடித்துப் பார்த்தவர்களிடம் தப்பியது, வீட்டில் உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டவர்களிடம் சிக்கியது. கிரேடர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்ல வரவில்லை. கார்டை மட்டும் பார்ப்பவருக்கு அதன் முந்தைய உருவம் தெரியாது. தெரிந்தவருக்கு வெட்டு பளிச்சென்று தெரியும்.

அந்தப் பாடத்தை நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன என்றே சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் கார்டு மோகம் தலைக்கேறி, வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. 2021 மார்ச் இறுதியில் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு அதன் தாய் நிறுவனம் ஜெனமின்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. கார்டின் நுண்படத்தை எடுத்து வைத்து, அதே கார்டு மறுபடி வந்தால் அடையாளம் காண்பதும், இடையில் அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும்தான் அந்தத் தொழில்நுட்பத்தின் வேலை. மறுபடி மறுபடி அனுப்பும் தந்திரத்துக்கு இது நல்ல தடை. ஆனால் முப்பது ஆண்டுகளாக ஸ்லாப்பில் அடைபட்டு, அப்படிப் படம் எடுக்கப்படாமல் வெளியே போன பழைய கார்டுகளுக்கு இதனால் உடனடியாக ஒன்றும் ஆகப்போவதில்லை. முதல் முறை வரும்போதே வெட்டப்பட்டு வரும் கார்டுக்கும் ஒப்பிட எதுவும் இல்லை.

நிறுவனங்களின் நலன் எந்தப் பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும். எதிர்பார்த்ததைவிட நல்ல கிரேடு வந்து மதிப்பு கூடினால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனம் 2021-இல் கோல்டின் என்ற ஏல நிறுவனத்தையும் வாங்கி, 2024-இல் இ-பேயிடம் கொடுக்கும் வரை வைத்திருந்தது. 2024-இல் எஸ்.ஜி.சி.யும் அதே குடைக்குள் வந்தது. இதனால் வேண்டுமென்றே கிரேடு ஏற்றுகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பணம் கொடுப்பது விற்பவர் பக்கம், தீர்ப்பை நம்பி நிற்பது வாங்குபவர் பக்கம். இந்தக் கோணல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

சரி, ‘கை வைத்தது’ என்றால் எது என்பதிலும் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. டி206 கார்டுகளை அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுப்பதைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தப்பாகப் பார்ப்பதில்லை. மேலே படிந்த சூயிங்கம் உறையின் மெழுகைத் துணியால் துடைப்பதும் பலருக்குச் சம்மதம். சுருக்கத்தை ஈரப்படுத்தி அழுத்தி மறைப்பது? அங்கே சண்டை வரும். காமிக்ஸ் உலகில் கிரேடு போடும் சி.ஜி.சி. நிறுவனம் அழுத்துவதைச் சீரமைப்பாகவே கருதுவதில்லை, அதற்கென்று அதன் சகோதர நிறுவனமே சேவை நடத்துகிறது. கார்டு உலகில் அது கை வைத்த வேலை. என் கட்சி இங்கே கார்டுக்காரர்கள் கட்சிதான். அழுத்திய சுருக்கம் சில வேளை காற்றின் ஈரத்தில் மெல்லத் திரும்பி வரும், அப்போது அது உங்கள் பெட்டியில் இருக்கும், விற்றவர் பெட்டியில் இருக்காது.

நிறம் பூசுவதைப் பற்றி ஒரு வரி. 1971 டாப்ஸ் வரிசைக்கு விளிம்பு முழுக்கக் கறுப்பு. லேசாக உரசினாலே வெள்ளை தெரியும். மார்க்கர் பேனாவால் தொட்டுவிடுகிற சபலம் அதில்தான் அதிகம். மை, மேற்பரப்போடு நிற்காமல் ஓரத்து நாருக்குள் இறங்கிவிடும் என்பதால் பக்கவாட்டில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த வரிசையில் ஸ்லாப் இல்லாத பளபளப்பான கார்டை யார் தலையில் கட்டப் பார்த்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

இனி நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த 8-க்கு வருவோம். முதலில் லேபிளில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்லாப்பே போலியாக வருகிற காலம் இது. படம் இருந்தால் கையில் இருக்கும் கார்டோடு ஒப்பிடுங்கள். பிறகு அதே வரிசையில் கசங்கிய, மலிவான, ஸ்லாப் இல்லாத கார்டு நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் மெனக்கெட்டுக் கை வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் ஓரத்தின் இயல்பைப் படிக்க அவைதான் நல்ல பாடம். ஸ்லாப்புக்குள் இருக்கும் கார்டின் ஓரத்தையும் சாய்த்த வெளிச்சத்தில் ஓரளவு பார்க்க முடியும். நான்கு விளிம்பும் ஒரே நிறமா, எதிரெதிர் ஓரங்கள் இணையாக ஓடுகின்றனவா, மூலைக்கருகே கோடு வளைகிறதா என்று பாருங்கள். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டுகள் பெரிய அளவு, சுமார் 66.7-க்கு 95 மில்லிமீட்டர். 1957-இலிருந்து இன்றைய அளவான 63.5-க்கு 88.9. ஸ்லாப்பின் உள்ளே இருக்கும் சட்டத்தில் கார்டு தளர்வாக ஆடினால், பக்கத்தில் இடைவெளி வழக்கத்தைவிட அதிகம் என்றால், அது மட்டுமே தீர்ப்பல்ல, ஆனால் கேள்வி கேட்கப் போதுமான காரணம்.

அப்புறம் படவேட்டை. விலை கனமான கார்டு என்றால் பழைய ஏல நிறுவனங்களின் படக்கோப்புகளில் ஒரு மாலை செலவிடுங்கள். உங்கள் கார்டில் கண்ணில் படும் அச்சுக் குறை இரண்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே கார்டு குறைந்த கிரேடில் எப்போதாவது விற்றிருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் கார்டு சுத்தம் என்று ஆகாது. கிடைத்துவிட்டால் பெரிய பணம் மிச்சம்.

லேபிள் புதிதா பழையதா என்பதும் பார்க்கத் தக்கது. 1990-களின் ஸ்லாப்புகளில் வெட்டிய கார்டுகள் அதிகம் தப்பியிருக்கின்றன என்பது அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பலரின் கருத்து, எனக்கும் அப்படித்தான் படுகிறது. பழைய லேபிள் உயர் கிரேடு கார்டு என்றால், மறு பரிசீலனைக்கு அனுப்பிவிட்டு விற்கத் தயாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். முகம் மாறினால் அதுவே ஒரு பதில்.

உத்தரவாதம் இருக்கிறதே என்று ஒருவர் சொல்லலாம். இருக்கிறது. கிரேடு போட வந்தபோதே கார்டு மாற்றப்பட்டிருந்தது என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டால், பி.எஸ்.ஏ. கார்டை வாங்கிக்கொள்ளும், அல்லது மதிப்பு வித்தியாசத்தைக் கொடுக்கும். ஆனால் மாற்றப்பட்டதா இல்லையா என்று சொல்பவரும் அவர்களே. தவறு யாருடையதோ, அவரிடமே முறையீடு. தெளிவான முன்-பின் படத்தோடு போனால் உங்கள் கை ஓங்கும். ‘ஓரம் சரியில்லை போலிருக்கிறது’ என்று மட்டும் போனால் அதே ஸ்லாப் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். ஸ்லாப்பை நீங்களே உடைத்துவிட்டால் முறையீட்டுக்கும் வழியில்லை, ஆகவே சந்தேகம் வந்தாலும் உடைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், அந்த 8-க்குக் கொடுக்கும் பணத்தில் அதே வரிசையின் 4, 5 கிரேடு கார்டுகள் பல வாங்குவேன். மூலை மழுங்கியிருக்கட்டும், படம் நடுவில் இருந்து நிறம் பளிச்சென்று இருந்தால் கண்ணுக்கு அழகுதான். மழுங்கிய மூலையே கத்தி படவில்லை என்பதற்கு ஓரளவு சாட்சி. 8-தான் வேண்டும் என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளும் விற்பனையாளரிடம், எழுத்தில் நிபந்தனை வாங்கிக்கொண்டு எடுங்கள்.

அந்த வரிசையின் பெரிய பெயர், உதாரணமாக மிக்கி மேன்டில் என்ற வீரரின் 1952 கார்டு, பட்ஜெட்டுக்கு எட்டவே எட்டாது என்றால் ‘மாற்றப்பட்டது’ என்று லேபிளிலேயே எழுதிய கார்டை யோசியுங்கள். வெட்டியது என்று தெரிந்து, வெட்டியதற்கான விலையில் வாங்குவதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. பாதி கிழிந்து போன வாக்னர் ஒன்று 2022-இல் 4,75,000 டாலருக்கு மேல் போயிற்று, அதில் என்ன குறை என்று வாங்கியவருக்கு நன்றாகவே தெரியும். ஒரே நிபந்தனை, பின்னாளில் விற்கும்போதும் அந்த ஸ்லாப்போடுதான் விற்க வேண்டும்.